பெரியவருக்கு வைத்த சந்தனம்

ஒரு இயந்திரத்துக்கு நெற்றி எது என்று எனக்குத் தெரியாது. தெரியாத விஷயத்தில் கை வைக்காதே என்று என் அம்மா சொல்லித்தான் வளர்த்தாள். நான் கையோடு சந்தனத்தையும் சேர்த்து வைத்துவிட்டேன்.

ஆயுத பூஜைக்கு முந்தைய வேலை நாள். எங்கள் நீதிமன்றத்தில் பீரோ, ஜெராக்ஸ் மெஷின், ஸ்டேப்ளர், நடுவர் அம்மாவின் கார் என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்தாயிற்று. காவலுக்கு வந்த போலீஸ்காரர் ஒருவர் கைவிலங்கை நீட்டி, "இதுக்கும் ஒண்ணு வைங்க சார், ரெண்டு நாளா சாவி சிக்குது" என்றார். வைத்தேன். மிச்சமிருந்தது பெரியவர்.

பெரியவர் என்பது ஆள் உயரத்துக்கு நிற்கும் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அரசாங்கம் அதற்கு ஒன்றரை வரி நீளத்தில் ஒரு பெயர் வைத்திருந்தது. டவாலி ஜெயசீலன்தான் பெரியவர் ஆக்கினார். "இவரு வந்தப்புறம் அம்மாவே இவரைக் கேட்டுத்தானே சார் முடிவு பண்றாங்க? அப்ப மரியாதை குடுக்க வேணாமா?"

திருட்டு, அடிதடி, வண்டி மோதியது போன்ற சில்லறை வழக்குகளில் ஜாமீன் கேட்கிறவரை வெளியே விட்டால், வாய்தாவுக்குத் திரும்பி வருவாரா, ஓடிவிடுவாரா? இதை நூற்றுக்கு ஒரு எண்ணாகச் சொல்வதுதான் பெரியவரின் வேலை. எண் இருபதுக்குக் கீழே என்றால் ஆளைச் சொந்த ஜாமீனில் விட்டுவிடலாம். நாற்பதுக்கு மேலே என்றால் உள்ளேயே இருக்க வேண்டியதுதான். இரண்டுக்கும் நடுவே என்றால் இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும். நடுவர் அந்த எண்ணை மீறலாம். மீறினால் நான்கு பக்கம் காரணம் எழுதி மேலே அனுப்ப வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது வழக்கு பார்க்கிறவருக்கு நான்கு பக்கம் எழுத எங்கே நேரம்?

என் பெயர் தண்டபாணி. பதவி, தொழில்நுட்ப உதவியாளர் (ஒப்பந்தம்). அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் உண்மையான பதவி. வழக்குக் கட்டின் விவரங்கள் கம்பி வழியாகத் தானே உள்ளே போய்விடும். ஆளின் அடையாள அட்டையைப் பெட்டியின் முன்புறமுள்ள சின்னக் கண்ணாடிக்குக் காட்டுவதும், வருகிற எண்ணை உரக்கப் படிப்பதும் என் பொறுப்பு. மூன்று வருடமாகக் காட்டினேன், படித்தேன். பள்ளியில்கூட இவ்வளவு நன்றாகப் படித்ததில்லை.

அந்தக் கண்ணாடியைத்தான் நெற்றி என்று நினைத்துவிட்டேன். பார்க்க அப்படித்தான் இருந்தது. கட்டைவிரல் அளவுக்கு அள்ளி, அழுத்தி, நடுவில் குங்குமமும் வைத்தேன். நடுவர் மெஹருன்னிசா அம்மா பொரி கடலையை மென்றுகொண்டே, "நல்லா இருக்கு தண்டபாணி, மாப்பிள்ளை மாதிரி" என்றார். பூரித்துப்போய் இன்னும் கொஞ்சம் அப்பினேன்.

பூஜை, விஜயதசமி, சனி, ஞாயிறு என்று நான்கு நாள் விடுமுறை. சந்தனம் காய்ந்து சுவரில் பூசிய காரைபோல் ஆகிவிட்டது. பெட்டியில் மாலையும் தொங்கியதால் யாரும் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை முப்பத்தொரு ஜாமீன் மனுக்கள். முதல் மனு, பஸ் நிலையத்தில் செல்போன் திருடியதாக ஒருவர் மீது. அட்டையைக் காட்டினேன். ஆறு என்றது. நடுவர் நிமிர்ந்து பார்த்தார். இரண்டாவது, டாஸ்மாக் வாசலில் அடிதடி. ஆறு. மூன்றாவதும் ஆறு. பூஜை போட்டதில் பெரியவர் மனம் குளிர்ந்துவிட்டார் என்றே நினைத்தேன். பத்தாவது ஆறுக்கு நடுவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபதாவது ஆறுக்கு, "தண்டபாணி, சரியாத்தான் படிக்கிறீங்களா?" என்றார்.

"ஆறுதாம்மா. தலைகீழாப் பார்த்தாக்கூட ஒன்பதுதாம்மா வரும்."

இருபத்து மூன்றாவது எமிலி. வயது முப்பத்தாறு, வீட்டு வேலை செய்கிறவர். ஜெயில் திரையில் அவருடைய முகம் வந்தது. வேலை செய்த வீட்டில் ஒரு செயின் காணாமல் போனதற்காக ஐம்பத்திரண்டு நாளாக உள்ளே இருக்கிறார். முதல் மனுவில் அவருக்கு வந்த எண் எழுபத்தொன்று. படித்தது நான்தான்.

இலவச சட்ட உதவி வக்கீல் எழுந்தார். "அம்மா, இவங்க அல்லித்தாங்கல் மறுகுடியமர்வுக் குடியிருப்புல இருக்காங்க. வீடு அறுபது நாள் பூட்டிக் கிடந்தா ஒதுக்கீடு ரத்து. கதவுல நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. இன்னும் எட்டு நாள்தான் இருக்கு. வீடு போச்சுன்னா முகவரி இல்லன்னு அடுத்த தடவை எண் இன்னும் ஏறும்."

அட்டையைக் காட்டினேன். ஆறு.

திரையில் எமிலி, பக்கத்திலிருந்த வார்டரிடம் கேட்டது எங்களுக்கும் கேட்டது. "ஆறு மாசமா மேடம்?"

மாலையில் மாலையை எடுக்கும்போதுதான் காய்ந்த சந்தனத்தைப் பார்த்தேன். நகத்தால் சுரண்டினேன். உள்ளே கண்ணாடி. ஜெயசீலனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"சந்தனம்தானே சார், குளிர்ச்சி. ஒண்ணும் பண்ணாது" என்றார்.

"பண்ணுமா பண்ணாதா, நேரா சொல்லுங்க ஜெயசீலன்."

"அது பார்த்துக்கலாம் சார்."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கட்டடத்தில் யாரும் எதற்கும் நேராகப் பதில் சொல்வதில்லை. கழிப்பறை எங்கே என்று கேட்டால்கூட "எந்தக் கேஸ் விஷயமா?" என்பார்கள். வழக்குக்கு வாய்தா வாங்கி வாங்கி, பேச்சுக்கும் வாய்தா வாங்கும் பழக்கம் வந்துவிட்டது.

இயந்திரத்தைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர் பிரணவுக்குப் போன் போட்டேன். அட்டை தெரியாவிட்டால் இயந்திரம் ஏன் நின்றுபோகவில்லை என்று கேட்டேன்.

"ஒரு மணி நேரம் நின்னாலும் ஒப்பந்தப்படி அபராதம் சார். அதனால ஆள் விவரம் தெரியலன்னா ஒரு மாதிரி ஆளை வெச்சு நிரப்பிக்கச் சொல்லிட்டோம்."

"அந்த மாதிரி ஆள் யாரு?"

"அது வந்து... சோதனை ஓட்டத்துல எங்க மேலாளர் தன்னோட விவரத்தையே போட்டார். முப்பத்தெட்டு வயசு ஆண், சொந்த ஃபிளாட், மாசச் சம்பளம், மனைவி, ரெண்டு குழந்தை. அப்புறம் யாரும் மாத்தல."

"அப்ப இன்னிக்கு முப்பத்தோரு பேரும் உங்க மேலாளரா? அதுல நாலு பேர் பொம்பளைங்கப்பா!"

"சட்டப்படி பிரச்சினைதான் சார்."

எமிலிக்கு முன்பு ஏன் எழுபத்தொன்று வந்தது என்று கேட்டேன். அவன் கணினியைப் பார்த்துக் கறிகாய்க் கணக்குப் போலப் படித்தான். "அல்லித்தாங்கல் முகவரிக்கு இருபத்திரண்டு. புருஷன் இல்லாம தனியா இருக்காங்க, பதினெட்டு. சம்பளச் சீட்டு இல்ல, பதினாலு. அதே பிளாக்ல போன வருஷம் பதினோரு கேஸ், அதுக்கு ஒன்பது. போன் நம்பர் ரெண்டு தடவை மாத்தியிருக்காங்க, எட்டு."

"ஆம்பளை தனியா இருந்தா?"

"வேலைக்காகத் தங்கியிருக்கார்னு எடுத்துக்கும். மூணு."

"பொம்பளை வேலைக்காகத் தங்க மாட்டாளா?"

"பழைய தீர்ப்பெல்லாம் படிச்சுத்தான் சார் அது கத்துக்கிட்டது. நாங்க எதுவும் சொல்லிக் குடுக்கல."

"ஜாதி கேக்குதா?"

"சே சே! ஜாதி கேக்கவே கூடாதுன்னு கண்டிப்பா சொல்லியிருக்கோம்."

"எந்தெந்த ஜாதிக்காரங்களை ஊருக்கு நடுவுலேர்ந்து கிளப்பிக் கொண்டுபோய் அல்லித்தாங்கல்ல போட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியுமே. முகவரி கேட்டா போதாது?"

"சார், லைன் சரியாக் கேக்கல."

"கடைசியா ஒண்ணுப்பா. அவங்க செயினை எடுத்தாங்களா இல்லையான்னு அது எங்க கேக்குது?"

இந்த முறை லைன் நன்றாகவே கேட்டது. "அது இதோட வேலை இல்ல சார். அதெல்லாம் விசாரணையில வரும்."

மறுநாள் நடுவரிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "மாப்பிள்ளைக்குக் கண்ணைக் கட்டிட்டீங்க" என்றார். கோபமா என்று தெரியவில்லை. மேற்பார்வைக் குழு வந்து, சுத்தமான கண்ணாடியில் முப்பத்தொரு அட்டைகளையும் மறுபடி காட்டச் சொன்னது. இருபத்தேழு பேருக்கு நாற்பதைத் தாண்டியது. நான்கு பேருக்கு மட்டும் இருபதுக்குக் கீழே. அந்த நான்கில் ஒருவன் ரித்விக். அப்பாவின் காரால் ஒரு ஸ்கூட்டர்காரரின் காலை முறித்தவன். சொந்த மாளிகை, காவலாளி வைத்த வாசல். அவனுடைய எண் மூன்று.

குழுவின் உத்தரவு இதுதான். கொடுத்த ஜாமீனை உடனே பிடுங்கினால் பத்திரிகையில் வரும். ஆகவே பதினைந்தாம் நாள் வாய்தா வரை பொறுத்திருப்பது. தவறுதலாக வெளியே விடப்பட்டவர்களில் ஒருவர் வராவிட்டாலும் இருபத்தேழு பேரும் திரும்ப உள்ளே. ஒப்பந்த ஊழியர் தண்டபாணி வெளியே. உள்ளேயும் வெளியேயும் இவ்வளவு பொருத்தமாக அமைந்த உத்தரவை நான் பார்த்ததில்லை.

எனக்குத் தூக்கம் போயிற்று. பெரியவரின் பேச்சை மூன்று வருடம் நம்பியவன் நான். அவர் கணக்குப்படி இருபத்தேழு பேரும் இந்நேரம் ரயிலேறியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அல்லித்தாங்கல் போனேன்.

எமிலி கதவில் ஒட்டியிருந்த நோட்டீசைத் தண்ணீர் தொட்டு உரித்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன்.

"நீதானா சார் அது? நெம்பர் படிக்கிறவரு. உன் கொரல் எனுக்கு நல்லா ஞாபகம் கீது. மொத தபா எழுபத்தொண்ணுன்னு சொன்னப்ப, சாமி பாட்டு மாதிரி இழுத்து சொன்னே."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சந்தனக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. "இன்னா எமிலி?" என்றது ஒரு தலை.

"ஒண்ணும் இல்லக்கா! கோர்ட்டு மிஷினுக்கு கண்ணு அவிஞ்சு போச்சாம். அதான் எங்களை மனுசங்கன்னு நெனைச்சு வுட்டுடுச்சாம்!"

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உட்கார்ந்தேன்.

"வாய்தாவுக்கு வருவீங்களாம்மா?"

"பாக்கலாம் சார்."

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. நேரா ஒரு பதில் சொல்லுங்க."

"அம்பத்திரண்டு நாளு கோர்ட்டு, ஜெயிலுன்னு இருந்தேன். எவனும் எனுக்கு நேரா ஒண்ணு சொல்லல. 'ஆவட்டும்', 'பாக்கலாம்', 'அடுத்த வாரம்'. நான் மட்டும் உனுக்கு நேரா சொல்லணுமா?" பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். "ஆமா, உன் நெம்பர் இன்னா சார்?"

"எனக்கா?"

"எல்லாருக்கும் படிக்கிறியே. உனுக்குப் படிச்சுப் பாத்ததில்லியா?"

மறுநாள் காலை ஜெயசீலனைத் தவிர வேறு யாரும் வருமுன் என் அட்டையைக் காட்டினேன். நாற்பத்தேழு. வாடகை வீடு, மூன்று வருடத்தில் நான்கு முகவரி, கல்யாணம் ஆகவில்லை, ஒப்பந்த வேலை. பக்கத்தில் நின்ற ஜெயசீலன், "பரவாயில்ல சார், பார்டர்தான்" என்றார். நாற்பதுக்கு மேலே பார்டர் கிடையாது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

பதினைந்தாம் நாள் எட்டரை மணிக்கே வாசலில் போய் நின்றுவிட்டேன். கல்யாண மண்டபத்து வாசலில் பன்னீர் தெளிக்கிறவன் போல வருகிறவர்களையெல்லாம் கும்பிட்டேன். "வாங்க, வாங்க, ரொம்ப நன்றி" என்றேன். சிலர் என்னைக் கேஸ் பிடிக்கிற புரோக்கர் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள்.

செல்போன் வழக்குக்காரர் எனக்கும் முன்பே வந்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். டாஸ்மாக் அடிதடிக்காரர் குளித்து, விபூதி பூசி, பள்ளிப்பிள்ளை போல வந்தார். கொய்யாப்பழ வண்டிக்காரர் வண்டியையே தள்ளிக்கொண்டு வந்து, "கொஞ்சம் பார்த்துக்குங்க சார்" என்று என்னிடம் ஒப்படைத்தார். ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார், புறங்கையில் குளுக்கோஸ் ஊசிப் பிளாஸ்திரியோடு. "காய்ச்சல்னா ஒரு மனு போட்டிருக்கலாமேப்பா" என்றேன். "நம்ம சொன்னா நம்புவாங்களா சார்?" என்றார். அவருக்கு என் டீயைக் கொடுத்தேன். கொடுப்பதற்கு வேறொன்றும் இல்லை.

என் வாழ்நாளில் யாரும் எனக்காக இப்படிக் கூட்டமாக வந்ததில்லை. எனக்காக வரவில்லை என்பது தெரியும். இருந்தாலும் இன்னொரு தடவை எல்லோரையும் எண்ணினேன்.

பத்தேகாலுக்கு இருபத்தேழில் இருபத்தாறு பேர். எமிலி இல்லை.

பத்து இருபத்தைந்துக்கு அவர் சாலை முனையில் தெரிந்தார். ஓட்டமும் நடையுமாக, செருப்பைக் கையில் பிடித்தபடி. "தாங்கல் ஸ்டாப்புல பஸ்ஸு நிக்கவே இல்ல சார். மூணு பஸ்ஸு கை காட்டி, கை காட்டி... நடந்தே வந்துட்டேன். வார் அறுந்துச்சு." எட்டு கிலோமீட்டர். நான் கொய்யா வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நீதிமன்றத்தில் ஜெயசீலன் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஒவ்வொருவரும் கைகூப்பி நின்றார்கள். கடைசிப் பெயர் வந்தது.

"ரித்விக்! ரித்விக்! ரித்விக்!"

வாசலில் நின்று மூன்று முறை கூப்பிடுவது வழக்கம். ஜெயசீலன் நான்காவது முறையும் கூப்பிட்டார், எனக்காக. யாரும் வரவில்லை. அவனுடைய வக்கீல் எழுந்து, "கட்சிக்காரர் அவசரமா வெளியூர்..." என்றார். எந்த ஊர் என்று நடுவர் கேட்டார். வக்கீல் தொண்டையைச் செருமினார். "துபாய்ங்கம்மா."

முதல் வரிசையில் குழுவின் ஆள் பேனாவைத் திறந்தார். இருபத்தேழு பேரும் எமிலியின் வீடும் என் வேலையும் அந்தப் பேனா முனையில் நின்றன. எமிலி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம்" என்றார் நடுவர். "உங்க உத்தரவைப் படிங்க. தவறுதலா வெளியே விடப்பட்டவர்கள்னு இருக்கா?"

"ஆமாங்கம்மா."

"அந்தப் பட்டியல்ல எத்தனை பேர்?"

"இருபத்தேழு."

"இருபத்தேழு பேரும் என் முன்னாடி நிக்கிறாங்க. ரித்விக் அதுல இருக்காரா?"

குழுவின் ஆள் பட்டியலை மேலிருந்து கீழ் பார்த்தார். கீழிருந்து மேலும் பார்த்தார். "இல்லங்கம்மா. அவருக்குச் சுத்தமான கண்ணாடியிலயே மூணுதான்."

"அப்ப அவரை விட்டது சந்தனம் இல்ல. சரியாத்தான் விட்டிருக்கோம்." நடுவர் ரித்விக்குக்குப் பிடியாணை எழுதினார். "மத்தவங்க ஜாமீன் தொடரும். காரணம் நான் எழுதுறேன்."

"நாலு பக்கம் ஆகும்மா" என்றார் பெஞ்ச் கிளார்க்.

"ஆகட்டும். பத்தலன்னா இன்னும் நாலு குடுங்க." என் பக்கம் திரும்பினார். "தண்டபாணி, அடுத்த வருஷமும் ஆயுத பூஜை வரும்ல?"

"வரும்மா."

"பார்க்கலாம்" என்றார். அந்தச் சொல்லுக்காக நான் முதன்முறையாக நன்றி சொன்னேன்.

எமிலியின் வழக்கு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போயிற்று. செயின் யார் கழுத்திலிருந்து போனது, எப்போது போனது, எதையும் யாரும் பேசவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் அவர் அறுந்த வாரை ஒரு ஊக்கால் கோத்துக்கொண்டிருந்தார். கொய்யாக்காரர் வண்டியைப் பார்த்துக்கொண்டதற்காகக் கொடுத்த இரண்டு பழங்களில் ஒன்றை நீட்டினேன்.

"ரொம்ப நன்றிம்மா."

"எதுக்கு சார்? உன் வேலைக்கா?"

"அதுக்கும்தான். நடந்து வந்ததுக்கு. மூணு வருஷமா நீங்கள்லாம் ஓடிப்போயிடுவீங்கன்னு உரக்கப் படிச்சிட்டு இருந்திருக்கேன்."

அவர் பழத்தைப் புடவையில் துடைத்துக் கடித்தார். "உப்பு மொளகாப்பொடி இருந்தா நல்லா இருக்கும்."

எனக்குள் ஒரு கேள்வி பதினைந்து நாளாகக் கிடந்தது. போலீஸ் அதைக் கேட்கவில்லை. 'எடுத்ததை எங்கே வெச்சே' என்றுதான் கேட்டார்களாம். வக்கீலுக்கு அது தேவைப்படவில்லை. பெரியவருக்கு அது வேலையில்லை. இத்தனை பேரும் கேட்காததைக் கேட்க நான் யார்? கண்ணாடிக்குச் சந்தனம் அப்பியவன். இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

"எமிலிம்மா, அந்தச் செயினை நீங்க எடுத்தீங்களா?"

மெல்லுவதை நிறுத்தினார். அறுபத்தேழு நாளில் இந்தக் கேள்வியை முதன்முறையாகக் கேட்கிற முகம் அது. கோபப்படுவார் என்று நினைத்தேன், சிரிப்பார் என்றும் நினைத்தேன். ஊக்கை மாட்டி முடித்து, செருப்பைக் காலில் போட்டு, எழுந்து என் கண்ணை நேராகப் பார்த்தார்.

"இல்ல."